தளர்ந்த ஆக்சிலரேட்டர் கேபிளைச் சரிசெய்த கதை

கிட்டத்தட்ட ஒரு மாதமாகவே பெடலை மிதித்தால் முதல் கொஞ்ச தூரம் வெறுமனே போய்வந்தது. அதற்கு அப்புறம்தான் இன்ஜின் ஏறும். மேட்டில் தரையோடு மிதித்தாலும் பழைய இழுவை இல்லை. ஃபில்டரோ பிளக்கோ என்று முதலில் சந்தேகப்பட்டேன்.

பானட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போதே த்ராட்டில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) சக்கரத்தைக் கையால் லேசாகத் திருப்பிப் பார்த்தேன். உடனே ரேஸ் ஆனது. அப்படியானால் இன்ஜினில் கோளாறு இல்லை. பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவேதான் ஏதோ தளர்ந்திருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு கேபிளை விரலால் அழுத்தினேன். தொய்ந்த கொடிக்கயிறு போல வளைந்தது.

ஸ்பேனரை எடுக்கும் முன் கேபிளின் இரண்டு முனைகளையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்பியில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் அட்ஜஸ்ட் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். பாதியில் அறுந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். பிரிந்த இழை உறைக்குள் சிக்கினால் த்ராட்டில் மூடாமலே போகும், அது இன்னும் ஆபத்து. நல்லவேளை, கம்பி சுத்தமாக இருந்தது. பிராக்கெட்டில் கேபிள் உறையைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளில் ஒன்று கையாலேயே சுழன்றது. காரணம் அதுதான்.

என் வண்டியில் த்ராட்டில் பக்க நட்டைத் தளர்த்தி, மறுபக்க நட்டை முடுக்கினால் உறை பின்னால் நகரும், தொய்வு குறையும். தொய்வே இருக்கக் கூடாது என்று நினைத்து கம்பி விறைக்கும்வரை முடுக்கிவிட்டேன். ஸ்டார்ட் செய்ததும் தவறு புரிந்தது. எண்ணூறில் நிற்க வேண்டிய ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஆயிரத்து இருநூறுக்குக் கீழே இறங்கவில்லை. கேபிள் த்ராட்டிலை முழுதாக மூட விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

இன்ஜின் நன்றாகச் சூடாகி ஐடிலிங் (பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) இறங்கிய பிறகு செய்வதுதான் சரி என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன். குளிர்ந்த இன்ஜினில் த்ராட்டில் கொஞ்சம் திறந்தே இருக்கலாம். அதை நம்பி அளந்தால் கணக்கு தப்பும். சூடாக்கி, நிறுத்தி, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திரும்பத் தளர்த்தினேன். கம்பியை அழுத்தினால் சில மில்லிமீட்டர் மட்டும் அசைய வேண்டும், த்ராட்டில் முழுதாக மூடி அதன் ஸ்டாப்பில் (தடுப்பில்) போய் உட்கார வேண்டும். ஐடிலிங் ஸ்க்ரூ பக்கம் கையே கொண்டுபோகவில்லை.

அடுத்து, இன்ஜினை நிறுத்தியே வைத்து, ஒருவரை உள்ளே உட்காரவைத்து பெடலை முழுக்க மிதிக்கச் சொன்னேன். த்ராட்டில் கடைசிவரை திறந்தது. மேட்டில் இழுவை குறைந்ததற்கு இதுவரை அது முக்கால்தான் திறந்ததே காரணம். விட்டதும் 'டக்'கென்று மூடுகிறதா என்று பத்து முறையாவது பார்த்திருப்பேன். இந்தச் சோதனையை யாரும் தவிர்க்காதீர்கள்.

இரண்டு நட்டுகளையும் எதிரெதிரே இறுக்கினேன். வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டுப் பார்த்தேன், ஆர்பிஎம் ஏறவில்லை. கடைசியாக நட்டின் மேலும் பிராக்கெட்டின் மேலும் சேர்த்து வெள்ளை பெயின்டில் ஒரு கோடு போட்டேன். நட்டு நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். இரண்டு வாரம் ஓட்டிய பிறகு நேற்று திறந்து பார்த்தேன், கோடு நேராகவே இருக்கிறது.