போய்சி மலையடிவாரத்திலிருந்து: புல்லும் பைனும்

ஏப்ரல் 20

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், போய்சி நகரிலிருந்து ஐடஹோ சிட்டிக்குப் போகும் 21ஆம் நெடுஞ்சாலையில் இன்று ஒரே புகை. வனத்துறைதான் தீ வைத்திருக்கிறது, பதற வேண்டாம் என்று பலகை. வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பார்த்தேன். மஞ்சள் சட்டை போட்ட நாலைந்து பேர், கையில் டீசலும் பெட்ரோலும் கலந்த கேன், அதன் மூக்கிலிருந்து நெருப்பு சொட்டுச் சொட்டாக விழ, ஏதோ பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி நடந்துகொண்டே போகிறார்கள். தீ முழங்கால் உயரம்கூட இல்லை. சருகைத் தின்றுவிட்டு, பாண்டரோசா பைனின் அடிப்பட்டையைக் கொஞ்சம் கறுப்பாக்கிவிட்டு அடங்கிவிடுகிறது.

இரவு போனில் அம்மா, "ஏண்டா, கவர்ன்மெண்டே காட்டுக்குத் தீ வைக்குதா?" என்றாள். அந்தக் காட்டில் 5 முதல் 25 வருடத்துக்கு ஒரு தடவை லேசான தீ வந்து போவதுதான் பழைய வழக்கம். பூர்வகுடிகளும் வைத்தார்கள், மின்னலும் வைத்தது. 1910இல் இங்கே ஐடஹோவிலும் மொன்டானாவிலும் இரண்டே நாளில் 30 லட்சம் ஏக்கர் எரிந்த பயத்தில் கண்ட தீயை எல்லாம் அணைக்க ஆரம்பித்தார்கள். 1935இல், மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்தாக வேண்டும் என்று விதியே வந்தது. அடியில் சருகும் குட்டி மரமும் சேர்ந்துகொண்டே போயின. அதைக் குறைக்கத்தான் இப்போது இந்தச் சின்னத் தீ. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா குக்கரை அணைக்கப் போய்விட்டாள்.

ஏப்ரல் 22

அம்மாவின் பயமும் நியாயம்தான். 2022இல் நியூ மெக்சிகோவில் ஜனவரி மாதம் வனத்துறை எரித்த விறகுக் குவியல் பனிக்கு அடியில் கனன்றுகொண்டே இருந்து ஏப்ரலில் வெளியே வந்தது. வனத்துறை திட்டமிட்டு வைத்த இன்னொரு தீயும் கைமீறி, இரண்டும் சேர்ந்து 3.4 லட்சம் ஏக்கர்.

ஜூன் 16

போய்சியை ஒட்டிய டேபிள் ராக் மலையில் நடை. வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் சாக்ஸிலிருந்து சீட்கிராஸ் என்கிற, வெளியிலிருந்து வந்து பரவிய புல்லின் விதை பிடுங்கினேன். நம்ம ஊர் நாயுருவி தேவலாம், இது தோலுக்குள்ளேயே இறங்குகிறது. ஏப்ரலில் பச்சை, மே மாதம் ஊதா, இப்போது வைக்கோல். பச்சையாக இருக்கும்போது மாடு மேய்த்தால் குறையும், காய்ந்த பிறகு மாடும் சீண்டாது.

பைன் காட்டுக் கதைக்கு இங்கே தலைகீழ். இந்த வறண்ட மலையின் சொந்தச் செடியான சேஜ் புதர் எரிந்தால் வேரிலிருந்து துளிர்க்காது, விதை விழுந்துதான் வர வேண்டும். அது தலை தூக்குவதற்குள் இந்தப் புல் நிரம்பி, காய்ந்து, அடுத்த தீக்குத் தயாராகிவிடும். 2016 ஜூன் கடைசியில் யாரோ விட்ட பட்டாசில் இந்த மலையில் 2,500 ஏக்கருக்கு மேல் போனது. பைனுக்குத் தீ போதாதது வியாதி, சேஜுக்குத் தீ அடிக்கடி வருவது வியாதி. டிவியில் இரண்டையும் காட்டுத்தீ என்றே சொல்கிறார்கள், எனக்கு எரிச்சல்.

ஆகஸ்ட் 11

புகை. சூரியன் பப்பாளி நிறம். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான் என் சுவரை ஒட்டி மரப்பட்டைத் தூளை அழகுக்குக் கொட்டி வைத்திருந்தேன்! பறந்து வரும் தணலுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஐந்தடி வரை வாரிவிட்டுச் சரளை போட்டேன். இடுப்பு போச்சு.

நவம்பர் 9

தன்னார்வலர்களோடு சேஜ் நாற்று நடப் போனேன். சுண்டு விரல் அளவு நாற்று, சாம்பல் பச்சை, தொட்டாலே கை மணக்கிறது. குழியில் வைத்து, காற்றுப் புகாமல் பூட்ஸ் குதிகாலால் மிதிக்கச் சொன்னார்கள். நாற்பது நட்டேன், பாதி பிழைத்தால் பெரிது. சாக்ஸில் மறுபடியும் அதே விதைகள். அங்கேயே உதறாமல் பையில் போட்டுக் கட்டி, வீட்டுக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.