வட்டைக் கூறு போடும்போது

கடந்த மாதம், 256 ஜிகாபைட் எஸ்எஸ்டி பொருத்திய பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். நிறுவியின் மற்றத் திரைகளை ஐந்து நிமிடத்தில் கடந்தவன், வட்டைப் பார்ட்டிஷன் எனும் கூறுகளாகப் பிரிக்கும் திரையில் மட்டும் காகிதமும் பேனாவுமாக அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முன்பு பட்ட சூடுதான் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் கணினி எழும்போது தேவைப்படும் கோப்புகள் இருக்கும் பூட் பார்ட்டிஷனுக்கு 200 மெகாபைட் போதும் என்று ஒதுக்கியிருந்தேன். இயங்குதளத்தின் மையமான கர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் புதிய கர்னலும் கணினி எழும் தொடக்கத்தில் அதற்கு உதவும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் அங்கே வந்து சேரும். பழையவையும் உடனே போய்விடுவதில்லை. ஒருநாள் புதுப்பித்தலின் நடுவே இடம் தீர்ந்து, புதிய கர்னல் பாதி நிறுவிய நிலையில் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்யும்வரை மென்பொருள்களை நிறுவித் தரும் ஆப்ட் வேறெதையும் ஒழுங்காக நிறுவ மறுத்தது. அதே வட்டின் பயனர் கோப்புகளுக்கான ஹோம் பார்ட்டிஷனில் 100 ஜிகாபைட் காலியாகக் கிடந்தது என்பதுதான் எரிச்சல்.

அன்றிலிருந்து, ஒரு பார்ட்டிஷனுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று கணிப்பதைவிட, கணக்குத் தவறினால் அதைத் திருத்துவது எவ்வளவு கடினம் என்றே முதலில் பார்க்கிறேன். எல்விஎம்முக்கு (கூறுகளின் அளவைப் பின்னால் எளிதாக மாற்ற உதவும் அடுக்கு) வெளியே இருக்கும் பூட், ஈஎஃப்ஐ (கணினியை எழுப்பும் நிரல் இருக்கும் கூறு) ஆகியவற்றைப் பின்னால் பெரிதாக்குவது பெரும்பாடு. ஆகவே அவற்றுக்கு முறையே 1 ஜிகாபைட்டும் 512 மெகாபைட்டும் தாராளமாகவே கொடுத்தேன். எல்விஎம்முக்குள் இருப்பவற்றுக்கோ கஞ்சத்தனமே நல்லது. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு) பயன்பாட்டில் இருக்கும்போதே ஒரே கட்டளையில் பெரிதாக்கிவிடலாம். சுருக்க வேண்டுமானால் அதை அன்மவுண்ட் செய்தாக (பயன்பாட்டிலிருந்து கழற்றியாக) வேண்டும், இயங்குதளமே இருக்கும் வேர்ப் பார்ட்டிஷன் என்றால் வேறொரு யூஎஸ்பியிலிருந்து கணினியை எழுப்ப வேண்டும். எனவே வேருக்கு 40, வாருக்கு (மாறிக்கொண்டே இருக்கும் தரவுகள் சேரும் /var) 30, ஹோமுக்கு 80, ஸ்வாப்புக்கு (நினைவகம் போதாதபோது உதவும் வட்டு இடம்) 10 ஜிகாபைட் என்று மட்டும் பிரித்துவிட்டு, மீதமிருந்த 90 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட இடத்தை யாருக்கும் ஒதுக்காமல் விட்டேன்.

ஒரே பார்ட்டிஷனாக விட்டிருந்தால் இந்தக் கணக்கே வேண்டாமே என்று கேட்கலாம்; வீட்டுக் கணினிக்கு அது நியாயமான வழிதான், டெபியன் நிறுவியும் அதைத்தான் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. நான் வாரைத் தனியாக வைப்பதற்குக் காரணம், நம்மைக் கேட்காமல் வளர்வது அதுதான். பதிவுக் கோப்புகள், ஆப்ட் இறக்கி வைக்கும் தொகுப்புகள், தரவுத்தளங்கள், செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் டாக்கரின் படிமங்கள் எல்லாம் இயல்பாக அங்கேதான் குவிகின்றன. கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னல் தன் பங்குக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது: இயல்புநிலையில் கோப்பு முறைமையின் 10 விழுக்காடு, அதிகபட்சம் 4 ஜிகாபைட். டாக்கருக்கு அந்த அடக்கம் கிடையாது. தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் நிரம்புவது வார் மட்டும், வேர் பிழைத்துக்கொள்ளும்.

நிரல்கள் இருக்கும் யூஎஸ்ஆர் கோப்புறையைத் தனியாகப் பிரிக்கும் பழைய வழக்கத்தை நான் கைவிட்டேன். ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸ் 2012-இல், 17-ஆம் பதிப்பிலேயே, பின், லிப் போன்ற கோப்புறைகளை அதற்குள் இணைத்துவிட்டது. டெபியன் 12-உம் இணைந்த அமைப்பை மட்டுமே ஆதரிக்கிறது, ஆகவே பிரிப்பதில் பொருளில்லை. நினைவகத்தைப் போல் இரு மடங்கு ஸ்வாப் என்பதும் நினைவகம் மெகாபைட்டில் இருந்த காலத்து விதி. என் கணினியில் இருப்பது 8 ஜிகாபைட். அதை ஹைபர்னேட் செய்வதால் (நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு அணைப்பதால்) 10 வைத்தேன், இல்லையென்றால் 2 போதும்.

இடத்தோடு ஐநோடையும் (ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் வைத்திருக்கும் பதிவு) எண்ண வேண்டும். ஈஎக்ஸ்டி4 இயல்பாக 16,384 பைட்டுக்கு ஓர் ஐநோடு என்று உருவாக்குவதால், 20 ஜிகாபைட் பார்ட்டிஷனில் சுமார் 13 லட்சம் கோப்புகளுக்குத்தான் இடம். சின்னஞ்சிறு மின்னஞ்சல் கோப்புகளைச் சேர்க்கும் சர்வரில், வட்டு பாதி காலியாக இருக்கும்போதே "இடமில்லை" என்று வந்து நிற்கும். இதைப் பின்னால் மாற்ற முடியாது, கோப்பு முறைமையை உருவாக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ரூட் எனும் நிர்வாகப் பயனருக்கென்று ஈஎக்ஸ்டி4 ஒதுக்கி வைக்கும் 5 விழுக்காட்டை மட்டும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வேரிலும் வாரிலும் அதை அப்படியே விட்டேன். ஹோமில் 4 ஜிகாபைட் வீணாவானேன் என்று டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு 1 விழுக்காடாகக் குறைத்தேன்.