லைன் கிளியர் கொடுத்த பிறகு

வண்டி பிளாட்பாரத்தில் நிற்கும். லைன் கிளியர், அதாவது பாதை காலி, வண்டியை அனுப்பலாம் என்ற சம்மதம், அடுத்த ஸ்டேஷனிலிருந்து வாங்கியாச்சு, புறப்படலாம் என்று காட்டும் ஸ்டார்ட்டர் சிக்னலும் இறக்கியாச்சு. ஆனாலும் வண்டி நகர்ந்திருக்காது. அந்த இரண்டு நிமிடம் அது நம் ஸ்டேஷன் வண்டியும் இல்லை, அடுத்த ஸ்டேஷன் வண்டியும் இல்லை. 33 வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்கு, சிட்னியில் மகள் வீட்டில் கழித்த கடைசி நாளைப் பற்றி வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நவம்பர் கடைசியில் போனோம். மூன்று மாத விசா. பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை பகலில் திரும்பும் விமானம். அதனால் செவ்வாய்தான் முழுசாகக் கையில் இருந்த கடைசி நாள். பேரனுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் இவளும்.

இவளுக்குக் கடைசி நாள் என்றால் ஃபிரிட்ஜை நிரப்புகிற நாள். விடிவதற்கு முன்பே கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. ஒரு வாரத்துக்கு மாவு, டப்பா டப்பாவாக வத்தக்குழம்பு, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. கறிவேப்பிலை விஷயத்தில் அவளுக்கு ஆஸ்திரேலியா மேல் தீராத கோபம். வந்திறங்கிய அன்று, கொல்லையில் பறித்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த கொத்தைப் படிவத்தில் எழுதி, அதிகாரியிடம் காட்டினோம். அவர் ரொம்ப மரியாதையாக வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். பச்சை இலையை அந்த நாட்டுக்குள் விட மாட்டார்கள். தப்பு நம்முடையதுதான். அதை அவளிடம் சொல்ல எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

"ஒரு தடவை பாலத்துக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்றேன்.

"மூணு மாசமாப் பாக்காத பாலமா?"

கேள்வி நியாயமானது. இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வென்ட்வொர்த்வில் ஸ்டேஷனில் ஏறினால் வண்டி மாறாமலே ஹார்பர் பாலத்தைத் தாண்டி மில்சன்ஸ் பாயின்ட்டில் இறங்கலாம். ஊர் உலகம் அந்தப் பாலத்தைப் படகில் போய் அண்ணாந்து பார்க்கிறது. 503 மீட்டர் வளைவாம், சரி, பெரிசுதான். எனக்குப் பிடித்தது அதன்மேல் ரயில் போவது. 1932-ல் திறந்தபோது ஒரு ஓரம் ரயிலுக்கு, மறு ஓரம் டிராமுக்கு என்று இரண்டு பக்கமும் தண்டவாளம் போட்டிருந்தார்கள். 1958-ல் டிராமை நிறுத்தி, அந்த இடத்தைக் கார்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். தண்டவாளம் பெயர்த்த இடம் என்று கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும். எங்கள் மாயவரம்–தரங்கம்பாடி லைனை 1986-ல் மூடியதை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

அங்கே வண்டிகள் இரண்டடுக்கு. சாய்மானத்தைப் பிடித்துத் தள்ளினால் இருக்கை மறுபக்கம் திரும்பிக்கொள்ளும், போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளலாம். மூன்று மாதத்தில் அதை எத்தனை தடவை தள்ளிப் பார்த்திருப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு மட்டும் திருப்பவில்லை. போகிற திசைக்கு முதுகைக் காட்டி மேலடுக்கில் உட்கார்ந்தேன். பாலம் தாண்ட இரண்டு நிமிடம் ஆனால் அதிகம். இரும்புச் சட்டங்களின் நிழல் ஜன்னலில் வெட்டி வெட்டி ஓடியது. எதிர்ப்பக்கம் ஓபரா ஹவுஸ், கார்களுக்கு நடுவே துண்டு துண்டாகத் தெரிந்தது.

மில்சன்ஸ் பாயின்ட்டில் இறங்கி நின்றேன். அந்த வண்டிகளில், கதவு மூடி வண்டியை அனுப்பிவைக்கும் கார்டு இன்னும் உண்டு. சின்னப் பெண் ஒருத்தி, தலையை வெளியே நீட்டிப் பிளாட்பாரத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். விசில். கதவுகள் மூடின. வண்டி நகர்ந்ததும் என் வலது கை தானாக மேலே போய்விட்டது. நம் ஊரில் வண்டி கடக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து நின்று ஆல்ரைட் சிக்னல் காட்ட வேண்டும். எங்கேயும் புகை இல்லை, எதுவும் தொங்கவில்லை, போகலாம் என்று அர்த்தம். கார்டும் பதிலுக்குக் காட்டுவார். என் கையில் கொடி இல்லை, வெயிலுக்கு வாங்கிய தொப்பிதான் இருந்தது. அந்தப் பெண்ணும் கையைத் தூக்கினாள். கிழவர் யாருக்கோ டாட்டா காட்டுகிறார் என்று நினைத்திருப்பாள்.

திரும்பி வருவதற்குள் வத்தக்குழம்பு டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டி முடித்திருந்தாள்.

ராத்திரி பெட்டியைத் தூக்குத் தராசில் மாட்டி மாட்டி எடை பார்த்தோம். போகும்போது பொடியும் வடகமுமாக முட்டிக்கொண்டிருந்த பெட்டி, சாக்லேட்டும் மக்கடேமியா பருப்புமாக அதே கனத்தில் திரும்பியது. மகள் அடிக்கடி எழுந்து உள்ளே போய் வந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பேரன் மட்டும் என் பக்கத்தில் வந்து, "தாத்தா, நாளையிலேர்ந்து என் ரூம் எனக்கா?" என்றான். மூன்று மாதமாக அவன் அறையில்தான் நாங்கள் படுத்திருந்தோம். மகள் அதட்டினாள். எனக்கென்னவோ, அன்றைக்கு அந்த வீட்டில் அவன் ஒருவன்தான் காரியமாகப் பேசினான் என்று பட்டது.

விமான நிலையத்துக்கு ரயிலில் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஸ்டேஷனில் டிக்கெட்டோடு, ஸ்டேஷனை விட்டு வெளியே வரவே ஆளுக்கு 17 டாலருக்கு மேல் தனியாகப் பிடிப்பார்களாம். பத்து ரூபாய்க்குப் பிளாட்பாரம் டிக்கெட் கொடுத்த இலாகாவிலிருந்து வந்தவன், வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினேன்.

அங்கே நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அதனால் அந்தப் புதன்கிழமை எங்களுக்கு 29½ மணி நேரம். அதில் பாதி வானத்தில் போயிற்று. சிங்கப்பூர் போகும் வழியில் மணிக்கணக்காகக் கீழே செம்மண்தான். ஒரு ஊர் இல்லை, ஆறு இல்லை. தெற்கே அதே மாதிரிப் பாலைவெளியில் 478 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் தண்டவாளம் போகிறது, உலகத்திலேயே நீளமான நேர்ப்பாதை. அதில் போக வேண்டும் என்று ஆசை இருந்தது. கட்டணத்தைப் பார்த்ததும் ஆசையைச் சைடிங்கில் தள்ளிவிட்டேன்.

சென்னையில் இறங்கியபோது ராத்திரி. தாம்பரத்தில் மைத்துனர் வீட்டில் தலையைச் சாய்த்துவிட்டு, காலையில் சோழன் எக்ஸ்பிரஸ் பிடித்து மாயவரம் வந்து சேர்ந்தோம். வீடு பூராவும் தூசி. மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. கொல்லையில் கறிவேப்பிலை மட்டும் மதிலைத் தாண்டி வளர்ந்திருந்தது.

அன்று நடுராத்திரி விழிப்பு வந்தது. பக்கத்தில் ஆளைக் காணோம். கூடத்தில் விளக்கு எரிந்தது. இவள் தரையில் உட்கார்ந்து, முறம் நிறையக் கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருந்தாள்.

"மணி ரெண்டரை. என்ன பண்றே?"

"அங்க எட்டுதானே? பையன் டிபன் பாக்ஸை எடுத்துட்டுப் போனானான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க."