ரோம்ல இருந்து ஒரு நாள் ஓர்வியேத்தோ
ரோம்ல இருக்கப் போற நாலு நாள்ல ஒரு நாள முழுசா ஓர்வியேத்தோங்கற மலை மேல இருக்குற ஊருக்குன்னு ஒதுக்கிட்டேன். ரோமோட பெரிய ஸ்டேஷன் டெர்மினில ட்ரெயின் ஏறினா ஒன்னே கால் மணி நேரம் போல ஆகும், ஓர்வியேத்தோ ஸ்டேஷனுக்கு எதிர்லயே கேபிள் ரயில், அது மலை மேல கொண்டு விட்டுடும்.

முதல்ல பக்கத்துலயே இருக்குற புனித பேட்ரிக் கிணறு. 1527ல ரோம் சூறையாடப்பட்டப்போ தப்பிச்சு இங்க வந்த போப் ஏழாம் கிளெமென்ட், முற்றுகை வந்தா தண்ணிக்கு என்ன பண்றதுன்னு வெட்டச் சொன்னது, 248 படி, இறங்க ஒரு சுருள் பாதை ஏற இன்னொன்னு, தண்ணி சுமக்குற கழுதைங்க எதிரெதிரா முட்டிக்கக் கூடாதுன்னு யோசிச்சிருக்காங்க பாருங்க, நினைச்சாலே சிலிர்க்குது! முட்டி வலியோட அம்மா இறங்க வேணாம், மேலயே உக்காரட்டும்.

அப்புறம் 1290ல கட்ட ஆரம்பிச்ச கதீட்ரல், உள்ள சிக்னொரெல்லி வரைஞ்ச சுவரோவியங்கள். சாயங்கால வெயில் அந்த முகப்புல படுறத பாத்துட்டு தான் கிளம்புவோம்.