வெயில்ல காயவச்ச பற்றரியும் 3.9 ஓம் றெசிஸ்டரும்

திருகோணமலை உவர்மலையில போன கிழமை ராத்திரி கரண்ட் போக டோச்சை அமத்தினா மின்மினி மாதிரி ஒரு வெளிச்சம், பற்றரி போட்டு ஒரு மாசம்கூட ஆகேல்ல. கடையில எதைக் கேட்டாலும் "இது நல்லா நிக்கும் தம்பி" எண்டுதான் சொல்லுவாங்க, சரி நாமளே பாப்பம் எண்டு மல்டிமீற்றரோட இருந்துட்டன்.

முறை லேசுதான், பென்டோச் (AA) பற்றரிக்குக் குறுக்கால கரண்டைத் தடுக்கிற 3.9 ஓம் றெசிஸ்டர், 0.9 வோல்ட்டுக்கு இறங்க எவ்வளவு நேரம் எண்டு பாக்கிறது. முதல்ல கால் வாட் மட்டும் தாங்கிற றெசிஸ்டரைப் போட்டு கையும் சுட்டு மணமும் வந்திட்டுது, அதுக்குள்ள அரை வாட்டுக்கு மேல போகுதெண்டு கணக்குப் பாக்காதது என்ட பிழை. பிறகு பழைய ரீவி போர்ட்டில இருந்த வெள்ளைச் சீமெந்து றெசிஸ்டரைக் கழட்டிப் போட்டன்.

விலை குறைஞ்ச கார்பன் பற்றரி சும்மா பாத்தா 1.6 வோல்ட் காட்டுது, றெசிஸ்டரைப் போட்ட உடனே 1.4க்குக் கீழ, ஒண்டேகால் மணித்தியாலத்தில முடிஞ்சுது, கணக்குப் பாத்தா 350 மில்லிஅம்பியர் மணி (எவ்வளவு கரண்ட், எவ்வளவு நேரம் எண்டதைப் பெருக்கின அளவு) வரும். அல்கலைன் ஆறு மணித்தியாலம் ஓடி 1750 அளவில குடுத்திச்சு. ரீசார்ஜ் பண்ணுற நிக்கல் பற்றரி 1.2 வோல்ட் தானே எண்டு குறைவா நினைச்சன், ஆனா அது கடைசி மட்டும் அசையாம நிண்டு 1900 குடுத்திட்டு அப்பதான் சடாரெண்டு விழுந்துது. அதுக்காக மணிக்கூட்டுக்கு அல்கலைன் தேவையில்ல, அது ஒரு மில்லிஅம்பியர்கூட இழுக்காது, அந்த வேகத்தில கார்பனும் நல்லா உழைக்கும்.

செத்துப்போன 9 வோல்ட் ஒண்டை உடைச்சுப் பாத்தன், உள்ளுக்க ஆறு குட்டி செல். ஏறக்குறைய 500 மில்லிஅம்பியர் மணிதான், ரெண்டு அல்கலைன் பென்டோச்சில அதைவிடக் கூட சக்தி இருக்கு. காசு மாதிரி வட்டமான CR2032 பற்றரி 220 மில்லிஅம்பியர் மணி அளவில, அதில பெரிய கரண்ட் எடுக்க நினைச்சா வோல்ட் படுத்திடும்.

அப்பா வந்து "முடிஞ்ச பற்றரியை வெயில்ல காயவச்சா திரும்ப வரும்" எண்டார். சிரிச்சன், ஆனா செய்து பாத்தன். ஒரே நேரம் முடிஞ்ச ரெண்டு கார்பனில ஒண்டு மொட்டைமாடியில, மற்றது அலுமாரிக்குள்ள, மூண்டு மணித்தியாலம். வெயிலில வச்சது 14 நிமிசம் ஓடிச்சு, அலுமாரியில இருந்தது 11. சும்மா ஓய்வு குடுத்தாலே கொஞ்சம் உயிர் வருது, சூடு உள்ளுக்க ரசாயனத்தைக் கொஞ்சம் உசுப்புது, அவ்வளவுதான். அதைச் சொன்னா அப்பாவுக்கு அந்த மூண்டு நிமிசம்தான் காதில விழுகுது. அல்கலைன், லித்தியம் எண்டால் இந்த விளையாட்டு வேண்டாம், ஒழுகலாம் இல்லாட்டி வெடிக்கலாம்.

இப்ப பெரிய டோச் பற்றரி அல்கலைன் ஒண்டு மேசையில ஓடுது, நேத்துக் காலமை தொடங்கினது, இன்னும் 1.18 காட்டுது.