எந்த றாத்தல்?

எங்கள் கல்லூரியில் சைவப் பிள்ளைகள் கிறிஸ்தவ வேத பாடத்துக்கு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் இருந்தேன், அந்த ஆசிரியருக்காக. எட்டாம் வகுப்பில் ஒரு நாள் பைபிளின் லூக்கா 19ஆம் அதிகாரத்தை வாசிக்கும் முறை எனக்கு வந்தது. பிரபு ஒருவன் தூரதேசம் போகுமுன் தன் ஊழியக்காரர் பத்துப் பேரிடம் பத்து இராத்தல் திரவியம் கொடுத்துவிட்டுப் போகிறான். விடியக்காலையில் பேக்கரிக்குப் போய் றாத்தல் பாண் வாங்கி வருவது அந்த நாளில் என் வேலை. வாசிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டேன்: "சேர், இது பாண் றாத்தலோ?"

வகுப்பு சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி, தம்பி. எந்த றாத்தல் எண்டு கேளாமல் இந்தப் புத்தகத்தில ஒரு கணக்கும் சரிவராது" என்றார்.

அடுத்த பாடத்துக்குச் சங்கக்கடையில் இரவல் வாங்கிய தராசோடு வந்தார். ஒரு றாத்தல் படிக்கல் ஒன்று, மணல் கட்டிய துணிப்பை இரண்டு. படிக்கல் 16 அவுன்ஸ், எங்கள் பாண் றாத்தல். முதல் பையை மறு தட்டில் வைத்தார். பை மேலே போனது. அது ரோமரின் றாத்தல், ஏறக்குறைய 327 கிராம், பதினொன்றரை அவுன்ஸ். யோவான் 12இல் மரியாள் கொண்டுவந்த நளத தைலம் இந்த றாத்தலில்தான். இரண்டாவது பையை வைத்தார். படிக்கல் மேலே வந்தது. அது எபிரேயரின் மினா என்ற நிறை. 50 சேக்கல், அவர்களின் சிறிய நிறையான சேக்கல் ஒன்று 11.4 கிராம் அளவில், ஆக 20 அவுன்ஸ். லூக்காவின் இராத்தலோ நிறையே அல்ல, பணம். 100 தெனாரியம் என்ற ரோம வெள்ளிக்காசு, அதாவது ஒரு கூலியாளின் 100 நாள் சம்பளம். மொழிபெயர்த்தவர்கள் இவ்வளவுக்கும் கையாண்ட சொல் ஒன்றுதான்.

அதன்பிறகு எங்களுக்குப் பிடித்துக்கொண்டது. மினாவிலும் பெரிய நிறை தாலந்து. "தாலந்துக்கு எத்தனை சேக்கல்? நான் சொல்லமாட்டன், நீங்கள் கண்டுபிடியுங்கோ" என்று யாத்திராகமம் 38ஐத் திறக்கச் சொன்னார். எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர். தலைக்கு அரைச்சேக்கல். சேர்ந்த வெள்ளி 100 தாலந்தும் 1,775 சேக்கலும். 6,03,550இன் பாதி 3,01,775. அதில் 1,775ஐக் கழித்தால் 3,00,000. அதை நூறால் வகுத்தால் 3,000. விடை வந்தபோது பின்வாங்கில் இருந்தவன் எழும்பி நின்று கத்தினான். மூவாயிரம் ஆண்டுக் கணக்குச் சிட்டை ஒன்று எங்கள் கொப்பியில் பிசகாமல் சரிவந்த அந்த நிமிடத்தை நான் மறக்கவில்லை.

காசு இன்னும் சிக்கலானது. அடைக்கலான் குருவி இரண்டு ஒரு காசு என்கிறது மத்தேயு. அது ரோமரின் அஸ், தெனாரியத்தில் 16இல் ஒன்று. ஏழை விதவை காணிக்கையாகப் போட்டதும் இரண்டு காசு. அது லெப்டன், 128 சேர்ந்தால்தான் ஒரு தெனாரியம். குருவிக் காசு ஒன்றுக்கு விதவைக் காசு எட்டு! அவள் போட்ட இரண்டும் சேர்ந்தாலும் அரைக்குருவிதான் வாங்கலாம். மத்தேயு 17இல் பேதுரு பிடித்த மீனின் வாயிலிருந்த வெள்ளிப்பணம் நான்கு தெனாரியம், இரண்டு பேரின் ஆலய வரிக்குச் சரி. அடுத்த அதிகாரத்து உவமையில் ஒருவனிடம் அவன் சகவேலைக்காரன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம் என்கிறபோது அது வெறும் தெனாரியம்.

அந்த நூறைக் கேட்டுக் கழுத்தை நெரித்தவனுக்கு அரசன் தள்ளுபடி செய்தது 10,000 தாலந்து. தாலந்துக்கு 6,000 தெனாரியம் வைத்தால் ஆறு கோடி. கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பாவின் ஆண்டு வருமானம் 200 தாலந்து என்று யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். ஒரு நாட்டின் 50 ஆண்டு வருமானம்! இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்காதவருக்கு அந்த உவமை பாதிதான் விளங்கும் என்பது இன்றைக்கும் என் எண்ணம்.

லண்டனுக்கு வந்தபின் பிரிட்டிஷ் மியூசியத்தில் பழைய யூதா நாட்டுப் படிக்கற்களைப் பார்த்தேன். அடி தட்டையாக, மேல் குவிந்து, பளபளவென்று தேய்த்த சுண்ணாம்புக்கல். உச்சியில் சுருக்கு முடிச்சுப் போல ஒரு குறி. இந்த வகைக் கற்களில் சிலவற்றில் 'பிம்' என்று பொறித்திருக்கும். சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. 1 சாமுவேல் 13இல் அந்தச் சொல் வருகிறது. கற்கள் கிடைப்பதற்கு முன் அது ஒரு நிறை என்று எவருக்கும் தெரியாது. ஆங்கிலத்திலும் தமிழிலும் 'அரம்' என்று மொழிபெயர்த்தார்கள். இஸ்ரவேலரின் கலப்பைக் கொழுவைத் தீட்ட அயலவரான பெலிஸ்தர் வாங்கிய கூலி, தீட்டும் கருவியாகிவிட்டது.

அண்மையில் யோசேப்புவின் நூலில் இன்னொரு வரி கண்ணில் பட்டது. ரோமத் தளபதி கிராசு எருசலேம் ஆலயப் பொன்னைக் கொள்ளையிட்ட இடத்தில், எபிரேய மினா ஒன்று இரண்டரை ரோம றாத்தல் என்கிறார். ஏறக்குறைய 818 கிராம். சேர் கட்டிவந்த மணல் 570தான். காலத்தோடு சேக்கலே பாரித்துவிட்டது. தீர் நகரத்துச் சேக்கல் 14 கிராம். மினாவுக்கு 60 சேக்கல் என்ற கணக்கை எசேக்கியேல் தீர்க்கதரிசியும் சொல்கிறார். இரண்டையும் பெருக்கினால் 840, யோசேப்புவுக்குக் கிட்ட வருகிறது. சேர் இப்போது இல்லை. இருந்திருந்தால் மூன்றாவதாக ஒரு பை கட்டியிருப்பார், 29 அவுன்சுக்குச் சற்றுக் குறைய.