கப்பலில் ஸ்பேர் கேட்டு வாங்கும் ஆள்

பம்ப்பில் சீல் போய்விட்டால் புது சீல் வரவழைப்பது சப்ளை டிபார்ட்மென்ட் பாடு என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ள லாஜிஸ்டிக்ஸ் ஸ்பெஷலிஸ்டுகள் உண்டு. ஸ்டோர்கீப்பர், தபால் கிளார்க் ஆகிய இரண்டு பிரிவுகளையும் 2009-ல் இணைத்து உண்டாக்கிய பிரிவு அது. ஆனால் அவர்கள் சிலரே. சப்ளை டிபார்ட்மென்டின் மிச்ச வேலை மற்ற டிபார்ட்மென்ட் ஆட்கள் தலையில்தான் விழும். மெஸ்ஸில் தட்டு கழுவ ஜூனியர் மாலுமிகள் வழக்கமாக 90 நாள் முறை வைத்துப் போவார்கள். சரக்கு ஏற்றும் நாளில் எல்லா டிவிஷனிலிருந்தும் ஆள் கேட்பார்கள். இதற்கெல்லாம் யாரைப் போட்டாலும் ஓடிவிடும்.

ஆள் பார்த்துப் போட வேண்டிய இடம் வேறு. ஒவ்வொரு டிவிஷனிலும் ஸ்பேர் கேட்டு வாங்க ஒருவரை நியமிப்பார்கள், ஆர்.பி.பி.ஓ. (ரிப்பேர் பார்ட்ஸ் பெட்டி ஆபீசர்) என்று பெயர். எலக்ட்ரீஷியனோ மெக்கானிக்கோ, தன் சொந்த வேலையோடு இதையும் சுமப்பவர்.

மெஷினின் நேம்பிளேட்டைப் பார்த்து, அதற்குரிய ஏ.பி.எல். பாகப் பட்டியலை எடுத்து, வேண்டிய பாகத்தின் 13 இலக்க என்.எஸ்.என். என்ற ஸ்டாக் எண்ணைப் பிடிக்க வேண்டும். முதல் 4 இலக்கம் பொருளின் வகை, அடுத்த 2 நாடு, மிச்சம் 7 அந்தப் பொருளுக்கே உரியது. நேம்பிளேட்டைப் பார்க்காமல் போன தடவை கேட்ட எண்ணையே எழுதுவதுதான் வழக்கமான தப்பு. இடையில் மெஷினையே மாற்றியிருந்தால், வந்த சீல் பொருந்தாது.

அடுத்த கண்ணி, அலகு. ஸ்க்ரூவுக்கு அலகு ‘எச்.டி.’, அதாவது நூறு, என்றிருந்தால் ஒன்று கேட்டாலே நூறு வரும். நூறு வேண்டுமென்று 100 எழுதினால் பத்தாயிரம் ஸ்க்ரூவும் அதற்கான பில்லும் வந்து நிற்கும்.

கப்பல் ஸ்டோரில் இல்லாததற்குத்தான் வெளியே ரிக்விசிஷன், அதாவது கோரிக்கைச் சீட்டு, போகும். அதில் போடும் முன்னுரிமை எண் 01 முதல் 15 வரை, எண் சிறிதானால் அவசரம் அதிகம். அதை இஷ்டத்துக்குப் போட முடியாது. கப்பலுக்குத் தந்திருக்கும் முக்கியத்துவ நிலையும் தேவையின் அவசரமும் சேர்ந்தே முடிவாகும். இரண்டாம் நிலைக் கப்பலென்றால் 02, 05, 12 இந்த மூன்றில் ஒன்றுதான். எல்லாமே அவசரம் என்று எழுதும் டிவிஷன் நிஜமாகவே அவசரப்படும் நாளில் அதை யார் நம்புவார்கள்?

பணம் அதிகம் கரைவது ரிப்பேர் செய்து மறுபடி பயன்படுத்தும் விலையுயர்ந்த பாகங்களில். பழைய பீஸைத் திருப்பித் தருவோம் என்ற கணக்கில்தான் குறைந்த விலை போடுகிறார்கள். அந்த பீஸ் ஒர்க்‌ஷாப் மூலையில் கிடந்தாலோ குப்பைக்குப் போனாலோ மீதித் தொகையும் கப்பல் பட்ஜெட்டில் ஏறும். புது பாகம் வந்த பெட்டியிலேயே பழையதைப் பேக் செய்து, அன்றே ஸ்டோரில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவதுதான் பாதுகாப்பு.

வேறு வேலைக்கு லாயக்கில்லாதவரை இதில் தள்ளிவிடும் சீஃப்கள் இருக்கிறார்கள். அதைவிட மோசம், அடுத்த மாதம் மாற்றலாகிப் போகிறவரைப் போடுவது. ஆள் மாறும்போது பழையவரும் புதியவரும் ஸ்டோரில் சேர்ந்து உட்கார்ந்து, வர வேண்டிய பாகங்களையும் திருப்ப வேண்டிய பழைய பீஸ்களையும் வரி வரியாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.